தக்கையைப் பார்

நற்செய்தி நூல்களில் மீன்பிடித்தல் பலமுறை பேசப்படுகிறது. பெரும்பாலும் அங்கே வலைதான் வருகிறது. கலிலேயக் கடலோரத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களையும் வலைகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தவர்களையும் ஆண்டவர் அழைத்தார். இரவெல்லாம் உழைத்தும் வெறுமையாயிருந்த வலை அவர் சொற்படி இறக்கியபோது கிழியும் அளவுக்கு நிறைந்தது. உயிர்ப்புக்குப் பின் திபேரியாக் கடலோரம் இழுத்த வலையில் 153 மீன்கள் இருந்தன என்று யோவான் எண்ணியே எழுதிவைத்தார். தூண்டில் என்னும் ஏழைக் கருவியோ நான்கு நற்செய்திகளிலும் ஒரே ஓரிடத்தில்தான் இடம்பெறுகிறது. மத்தேயு நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில், கோவில் வரி கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக, கடலுக்குச் சென்று தூண்டில் போடுமாறு பேதுருவிடம் இயேசு சொல்கிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும். அது இருவருக்கும் உரிய வரிக்குப் போதும். ஒரு மீன், ஒரு நாணயம், இருவர் கடன்.

தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். ஆகவே அப்பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும் நாளில் என் காது சற்றுக் கூர்மையடையும். அது வெறும் சிறுவயது நினைவினால் அன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணை. பாளையக்காரர் காலத்துப் பெயர்பெற்ற ஊர். இன்று பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற வட்டாரம். கரிசல் நிலம், வானம் பார்த்த வெள்ளாமை. இந்த ஊர்க்காரன் தூண்டிலைப் பற்றி எழுதினால் சிரிப்பவர்கள் உண்டு. "உங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லையே, மீன் எங்கே?" என்பார்கள். எங்களுக்கு வடக்கே வைப்பாறு ஓடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, வெம்பக்கோட்டையையும் சாத்தூரையும் தொட்டு, கிழக்கே மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஆறு. ஆண்டில் பெரும்பகுதி அது மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் நிறத்தில் வெள்ளம் வரும். சில நாட்களில் வடிந்துவிடும். ஆனால் வடியும்போது ஆறு எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதில்லை. வளைவுகளிலும் பாறையடியிலும் ஆழமான கசங்களை விட்டுச்செல்லும். தை, மாசி வரைக்கும் அவற்றில் நீர் நிற்கும். அந்தக் கசங்களே எங்கள் கலிலேயக் கடல்.

இந்த ஆற்றங்கரையில் மனிதர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. வெம்பக்கோட்டை அருகே 2022ஆம் ஆண்டு முதல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் சுடுமண் பொருட்களும் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. அவற்றை அணிந்திருந்த மக்களின் பிள்ளைகளும் இதே கசங்களின் கரையில் குந்தியிருந்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. மீனைக் கொடியில் பொறித்த பாண்டியர் நாடல்லவா இது!

எங்கள் அய்யா (தந்தையை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) மானாவாரி விவசாயி. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் புலால் விலக்கவேண்டும், மீன் உண்ணலாம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கடல்மீன் எங்கள் ஊர் வந்துசேரும்போது அதன் விலை எங்கள் வீட்டுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். கருவாடு வாங்கலாம், அதற்கும் காசு வேண்டும். எனவே வியாழன் மாலைகளில் அய்யா அண்ணனையும் என்னையும் மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போவார். அண்ணன் பின்னிருக்கையில், நான் முன்கம்பியில், தூண்டில் கழியைக் குறுக்கே பிடித்தபடி.

அய்யாவின் தூண்டிலில் காசு கொடுத்து வாங்கியவை இரண்டே: முள்ளும் நரம்பும். கழி, வேலியோரத்து மூங்கில். ஈயம், கிழிந்த வலையொன்றிலிருந்து கழற்றியது. தக்கை, சோளத்தட்டையின் உள்ளிருக்கும் நெட்டி. விரல்நீளத்துக்கு நறுக்கி, நடுவே நரம்பைக் கோத்து, மேலும் கீழும் நகர்த்தும்படி வைப்பார். கசத்தின் ஆழம் அறிந்து, இரை தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே தொங்குமாறு தக்கையை நிறுத்தவேண்டும். ஆழம் மிகுந்தால் இரை சேற்றில் கிடக்கும். குறைந்தால் மீனின் தலைக்கு மேலே வீணே ஆடும். மீன்பிடித்தலில் பாதி இந்த அளவில் இருக்கிறது என்பார் அய்யா.

இரைக்குச் செலவே இல்லை. தண்ணீர்ப்பானை வைத்திருக்கும் திண்ணையோரத்து ஈரமண்ணைக் கிளறினால் மண்புழு. அது கிடைக்காத நாளில் கோதுமை மாவையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்த உருண்டை. வெறும் மாவு நீரில் விரைவில் கரைந்துவிடும். ஆகவே எங்கள் கரிசல் பருத்தியிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை இழை இழையாகப் பிரித்து மாவோடு சேர்த்துப் பிசைவார். முள்ளில் அது இறுகப் பற்றிக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால் சோற்றுப் பருக்கையே போதும். ஒரு கை தவிட்டை நனைத்து உருட்டி நீரில் எறிந்துவிட்டு, மீன் கூடும்வரை காத்திருக்கவேண்டும்.

தக்கை பேசும் மொழியை அண்ணன் என்னைவிட விரைவில் கற்றான். கெண்டை வந்தால் தக்கை கோழி கொத்துவதுபோல் இரண்டு மூன்று முறை துடிக்கும். துடிப்பில் இழுத்தால் முள் வெறுமையாய் வரும். துடிப்பு நின்று சாயும்போது இழுக்கவேண்டும். கெளுத்தி தக்கையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அதைக் கழற்றும்போது துடுப்பு முள் கையில் ஏறாமல் பார்க்கவேண்டும்; ஏறினால் இரவு முழுதும் கடுக்கும். விரால் வந்தால் தக்கை இருந்த இடமே தெரியாது. சிலேபி சில வேளைகளில் இரையைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். அப்போது நிமிர்ந்திருந்த தக்கை நீரின்மேல் படுத்துவிடும்.

அந்தச் சிலேபி எங்கள் ஆற்றுக்குச் சொந்தமான மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த இனம் 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தமிழகத்துக் குளங்களிலெல்லாம் பரவியது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் அது இரை தின்பதில்லை. கலிலேயக் கடலிலும் அதன் உறவினமொன்று உண்டு. திருநாட்டுக்குத் திருப்பயணம் செல்வோருக்கு அதைத்தான் 'பேதுருவின் மீன்' என்று பொரித்துப் பரிமாறுகிறார்கள். ஆயினும் அக்கடலில் மீனவராகவே வாழ்ந்து அதன் பழைய துறைகளை ஆராய்ந்த மென்டல் நூன் என்பவர் வேறு கருத்துடையவர். அந்த மீன் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பது. தூண்டில் இரையை நாடி வராது. பேதுருவின் தூண்டிலில் அகப்பட்டது கெண்டைக் குடும்பத்து மீனாகவே இருக்கவேண்டும் என்றார் அவர். இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! எங்கள் கசத்துக் கெண்டையின் உறவு ஒன்று ஆண்டவரின் வரியைச் சுமந்து வந்திருக்கலாம்!

* * *

இனி, எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

அய்யா காலமான பின் அண்ணன் நிலத்தைப் பார்த்தான். நான் படித்து, ஒரு பட்டாசு ஆலையில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. எங்கள் வட்டாரத்தில் வானம் இரண்டு விதமாகப் பார்க்கப்படும். மழை பெய்தால் நிலத்துக்கும் ஆற்றுக்கும் வாழ்வு. பட்டாசுக்கு வேலை இல்லை, மருந்து காயாது. மழை பொய்த்தால் பட்டாசுக்கு வேலை, நிலத்துக்குச் சாவு. அண்ணன் கையைப் பிசைந்து நின்றபோது நான்தான் சொன்னேன்: "அண்ணே, தீபாவளி வரைக்கும் எங்க ஆபீசுக்கு வாங்க. மருந்து அறையில கூலி கூட." அண்ணன் வந்தான்.

பட்டாசுத் தொழிலில் ஆபத்து மிகுந்தது மருந்து கலப்பதும் செலுத்துவதுமே. சிறிய உராய்வு போதும். அதனால்தான் அந்த அறைகள் ஒன்றுக்கொன்று விலகித் தனித்தனியே கட்டப்படுகின்றன. வெளியே ஓட வாயில்கள் வைக்கப்படுகின்றன. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்று விதி இருக்கிறது. விதிகள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன: அவசரப்படாதே. ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அவசரமே முதலாளி. அந்நாட்களில் நால்வர் இருக்கவேண்டிய அறையில் ஆறு பேர் இருந்தார்கள். வருகைப் பேரேட்டில் நான் நான்கு என்றே எழுதினேன். எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஒருநாள் அன்று, பல நாட்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல் அந்த அறை வெடித்தது. அண்ணன் உயிர் பிழைத்தான். அவனோடிருந்த ஒருவர் வீடு திரும்பவில்லை. பேரேட்டில் எழுதப்படாத இருவர், அவரும் என் அண்ணனும்.

அண்ணனின் இடக்கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே அசையும். இழப்பீடு என்று வந்தது குறைவு; வந்ததும் தாமதமாகத்தான். ஏட்டில் இல்லாத ஆளுக்கு ஏது கணக்கு? நான் அந்த வேலையை விட்டேன். வேறு ஊரில், வேறு கணக்கு எழுதினேன். அண்ணனிடம் எதுவும் பேசவில்லை. அவனும் எதுவும் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு மார்கழி மாலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கக்கத்தில் அய்யாவின் பழைய மூங்கில் கழி. "ஆத்துல தண்ணி கெடக்காம். கழியப் புடிச்சுக்கிடுவேன். முள்ளுதான் கட்டமுடியாது" என்றான். அவ்வளவே.

அன்று முதல் நீர் கிடக்கும் மாதங்களில் சனிக்கிழமை தோறும் நாங்கள் போனோம். முள் கட்டுவது நான். புழுக் கோப்பது நான். மாவை உருட்டி வைப்பது நான். மீனைக் கழற்றுவதும் நான். கழியைப் பிடித்துத் தக்கையைப் பார்ப்பது அண்ணன். இழுக்கும் கணத்தில் அவனுக்கு இன்றும் பிழை நேர்வதில்லை. வாயில் குஞ்சுகளோடு தாய்ச்சிலேபி ஏதேனும் வலையோரம் ஒதுங்கி வந்தால், "விட்டுரு" என்பான். ஒரு மாலையில் இருபது வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்காக ஒவ்வொரு முறையும் முள்ளைக் கட்டும்போது நான் என் கடனைத் தவணை தவணையாக அடைத்துவருவதாக எண்ணிக்கொண்டேன். கடன் என்னவென்று கடன்காரனிடம் சொல்லாமலே அடைத்துவந்தேன்.

* * *

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையொன்று வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாடே அறிந்த செய்தி அது. அடுத்த புதன் சாம்பல் புதன். அந்தச் சாம்பலை ஏற்பதற்குக் குனிந்தபோது எங்கள் வட்டாரத்தில் எவருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. மனிதன் மண்ணாயிருக்கிறான் என்பதை நாங்கள் அந்த வாரம் கண்ணால் கண்டிருந்தோம்.

என்னால் தூங்க இயலவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் சென்றேன். பேரேட்டைப் பற்றி, நான்கு என்று எழுதிய என் கையைப் பற்றி, முதன்முறையாக வாய்திறந்து சொன்னேன். பங்குத்தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு பாவமன்னிப்பு அளித்தார். அளித்துவிட்டு, "ஆண்டவர் மன்னித்தார். இதை உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "பீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது சகோதரன் நினைவுக்கு வந்தால் என்ன செய்யச் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும்" என்றார். வேறு தண்டனைச் செயல் எதுவும் கொடுக்கவில்லை.

அவ்வாண்டு தை மாதத்திலும் நல்ல மழை. மாசியிலும் கசத்தில் நீர் தெளிந்து நின்றது. தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. மீன்கொத்தி ஒன்று கருவேலங்கிளையில் அமர்ந்து எங்களைப் போலவே நீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மாவில் பஞ்சைச் சேர்த்துப் பிசைந்து முள்ளில் வைத்தேன். அண்ணன் தூண்டிலை வீசினான். தக்கை ஆடி, நிமிர்ந்து, நின்றது. இன்னும் சற்றுப் பொறுத்தால் என்றைக்குமே சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அண்ணே, அன்னைக்கி அந்த அறையில ஆறு பேரு. நான் நாலுன்னு எழுதுனேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. சற்று நேரம் கழித்து, "தெரியும்" என்றான். "உள்ள உக்காந்திருந்தவன் நான். எனக்கு எண்ணத் தெரியாதா?"

"ஏண்ணே ஒருநாளும் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

எத்தனை ஆண்டுகள்! இழுக்கவேண்டிய கணம் எது என்று அறிந்த மனிதன், துடிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்திருக்கிறான். நான் அழுதேன். அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல முயன்றேன். சொற்கள் சரியாக வரவில்லை. அவன் தன் வலக்கையின் இரண்டு விரல்களால் கழியைப் பற்றியபடியே, "எனக்கு நீ முள்ளு கட்டிக் குடுத்துட்ட தம்பி. அந்த வீட்டுக்கு என்ன குடுத்த? அவுகளுக்கு இது தெரியாதுல்ல" என்றான்.

அந்த வீடு என்று அவன் சொன்னது எது என்பதைக் கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்தத் தெரு வழியாகப் போவதையே நான் தவிர்த்துவந்தேன். என் கடன் ஒருவருக்கு மட்டும் உரியது என்று கணக்கெழுதியிருந்தேன். அங்கும் பேரேட்டில் ஓர் ஆளை விட்டிருக்கிறேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "தக்கையைப் பாரு" என்றான் அண்ணன்.

தக்கை இருமுறை துடித்தது. நின்றது. மெல்லச் சாய்ந்தது. அண்ணன் இழுத்தான். உள்ளங்கை அகலக் கெண்டை ஒன்று வெள்ளியாய் மின்னிக்கொண்டு கரைக்கு வந்தது. நான் அதைக் கழற்றினேன். அதன் வாயில் என் முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லை.

* * *

மறுநாள் ஞாயிறு. திருப்பலிக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்றேன். இறந்தவரின் மனைவி இருந்தார். மகன் வேலைக்குப் போகும் வயதினனாய் வளர்ந்திருந்தான். அங்கே நடந்ததையெல்லாம் எழுதும் உரிமை எனக்கில்லை. அந்த அம்மையார் என்னை உடனே உட்காரச் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அது நியாயம். அன்று அறையில் இருந்தோர் எத்தனை பேர், அவர்களில் அவர் கணவரும் ஒருவர் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அவர் மகனிடம் கொடுத்தேன். அதைக்கொண்டு இனி என்ன கிடைக்குமோ தெரியாது. எங்கு வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வதாக உறுதி கூறினேன். என்னால் இயன்ற வேறு சிலவற்றையும் செய்துவருகிறேன். அவை கடனுக்கு ஈடாகா. ஆயினும் கணக்கு இப்போது உண்மைக் கணக்கு. அடுத்த முறை நான் சென்றபோது அந்த அம்மையார் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பேதுருவின் தூண்டிலில் வந்த நாணயத்தைப் பற்றி இப்போதெல்லாம் வேறு விதமாக எண்ணுகிறேன். வியப்பு, மீனின் வாயில் நாணயம் இருந்ததில் மட்டும் இல்லை. கடன்பட்டிராதவர் கடன்பட்டவனோடு சேர்ந்து நின்று, "எனக்கும் உனக்கும் சேர்த்து" என்று ஒரே கணக்கில் வைத்தாரே, அதில் இருக்கிறது. என் அண்ணன் எனக்குக் கடன்பட்டவன் அல்லன். ஆனாலும் ஆற்றங்கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்து, நான் செலுத்தவேண்டிய இடத்தைக் காட்டினான்.

கசங்கள் குறைந்துவருகின்றன. மணல் போன இடங்களில் ஆறு தன் பழைய வடிவை இழந்துவிட்டது; கரையெங்கும் சீமைக்கருவேலம். கெண்டை குறைவு, சிலேபியே மிகுதி. எனினும் மழைக்குப் பின் ஏதாவதொரு வளைவில் நீர் நிற்கிறது. அண்ணனுக்கு இப்போது பார்வை சற்று மங்கிவிட்டது. சோளநெட்டித் தக்கையின் நுனிக்கு நான் சிவப்புச் சாயம் பூசித் தருகிறேன். சில மாலைகளில் அந்தப் பையனும் எங்களோடு வருகிறான். போன தையில் அவனுக்கு முள் கட்டக் கற்றுக்கொடுத்தேன். மாவில் பஞ்சு எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதை அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தான்.